ஐநூறு தட்டில் தொடங்கிய பாட்டு: பெக்கின் ‘லூசர்’ – நிகழ்வு ஆய்வு

1993 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பாங் லோட் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் ஒரு 12 அங்குல வினைல் தட்டை வெளியிட்டது. அடித்தது 500 பிரதிகள். ஒரு பக்கம் ‘லூசர்’, மறுபக்கம் ‘ஸ்டீல் மை பாடி ஹோம்’. பாடியவர் பெக் ஹேன்சன், வயது 22. பதின்மூன்று மாதம் கழித்து, 1994 ஏப்ரலில், அதே பதிவு அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 10ஆம் இடத்தில் நின்றது. மாற்று ராக் வானொலிக்கான மாடர்ன் ராக் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். நார்வேயில் முதலிடம், பிரிட்டனில் 15.

அதே பதிவு என்பதுதான் இங்கே முக்கியம். சிறு நிறுவனத்தில் எடுத்த பாட்டைப் பெரிய நிறுவனம் வாங்கினால் நல்ல ஸ்டூடியோவில், நல்ல டிரம்மரை வைத்து மறுபடி எடுப்பது வழக்கம். ‘லூசர்’ விஷயத்தில் ஒரு வீட்டுக்குள், எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் எட்டுத் தட நாடாவில் மாதிரிபோல் போட்டதே கடைசிவரை மூலப் பதிவாக நின்றது. இந்தப் பாட்டுக்குக் கிடைத்த நன்மைகளும் வந்த தலைவலிகளும் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

ஆறரை மணி நேரம்

பெக் 1989இல் நியூயார்க் போய், அங்கே ‘ஆன்டி ஃபோக்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட கிடார்ப் பாடகர் கூட்டத்தோடு சுற்றிவிட்டு, கையில் காசில்லாமல் ஊர் திரும்பியவர். பகலில் வீடியோ கடை மாதிரியான கூலி வேலைகள். இரவில் கிளப்புகளில், ஒரு பேண்ட் இறங்கி அடுத்த பேண்ட் கருவிகளை மாட்டும் இடைவெளியில் மேடையேறி இரண்டு மூன்று பாட்டுப் பாடுவார். அந்த நேரத்தில் யாரும் மேடையைப் பார்ப்பதில்லை, பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க, வாயில் வந்த அபத்த வரிகளை அங்கேயே கட்டிப் பாடும் பழக்கம் அவருக்கு வந்தது. ‘லூசர்’ சரணங்களில் ஒன்றோடொன்று ஒட்டாத படிமங்கள் சரசரவென்று கொட்டுவதைப் பார்த்துப் பின்னால் பலர் ஆழ்ந்த பொருள் தேடினார்கள். அது கவனம் பிடிப்பதற்கான மேடைத் தந்திரம். அதிலே கைபழகிய ஒருவர் அதே வேகத்தில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

பாங் லோட் நிறுவனத்தின் டாம் ராத்ராக் ஜாபர்ஜா என்ற கிளப்பில் பெக்கைப் பார்த்தார். ஹிப் ஹாப் பின்னணியில் நாட்டுப்பாட்டு கிடார் எப்படி இருக்கும் என்று பார்க்க, கார்ல் ஸ்டீஃபன்சனிடம் சேர்த்துவிட்டார். ஸ்டீஃபன்சன் அதற்குமுன் ஹூஸ்டனின் ராப் நிறுவனமான ராப் அ லாட்டுக்கு வேலை செய்தவர். 1992இல் அவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். பெக் தன் பாட்டுகளை வாசித்துக் காட்டினார், ஸ்டீஃபன்சனுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. பிறகு பெக் ஒரு ஸ்லைடு கிடார் துணுக்கை, அதாவது கம்பிமேல் ஒரு குழாயை வழுக்கி எடுக்கும் துணுக்கை, வாசித்தார். அதை எட்டுத் தடக் கருவியில் பதிந்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக்கி, அதன் கீழே ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த டிரம் துண்டை ஓடவிட்டார் ஸ்டீஃபன்சன். சிதாரையும் அவரே வாசித்துச் சேர்த்தார்.

லூப் ஓட ஓட பெக் வரிகளை எழுதினார். பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் சக் டி பாணியில் ராப் செய்து பார்த்தார். திருப்பிக் கேட்டபோது தன் ராப் படுமோசம் என்று பட்டது. அந்தச் சலிப்பே பல்லவியாயிற்று: ஸ்பானிஷில் “சோய் உன் பெர்தெதோர்”, அதாவது நான் ஒரு தோற்றவன், உடனே ஆங்கிலத்தில் அதே செய்தி, கூடவே என்னைக் கொன்றுவிடேன் என்ற நக்கல். மொத்த வேலையும் சுமார் ஆறரை மணி நேரம். சில மாதம் கழித்து இரண்டு சின்ன ஒட்டுவேலைகள் நடந்தன. அதற்குப் பிறகு பாட்டு 1993 வரை அலமாரியில் தூங்கியது. பெக்குக்கு அதில் பெரிய பிடிப்பில்லை. வெளியிடலாம் என்று வற்புறுத்தியவர் ராத்ராக்.

கிடாரை இறக்குவது

அந்தத் துணுக்கு டி சுருதியில் நிற்கிறது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 85 தாளத் தட்டு (பீட்). வாசித்துப் பார்க்க விரும்புகிறவர் ஆறாம் கம்பியை மட்டும் ஈயிலிருந்து டிக்கு இறக்கினாலே துணுக்கைப் பிடித்துவிடலாம். ஸ்லைடோடு தாராளமாக உலாவ வேண்டுமென்றால் முழு ஓபன் டி வசதி: ஆறாம் கம்பியும் முதல் கம்பியும் ஈயிலிருந்து டிக்கு, இரண்டாம் கம்பி பியிலிருந்து ஏவுக்கு, மூன்றாம் கம்பி ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு. நான்காவதையும் ஐந்தாவதையும் தொட வேண்டாம். இப்படி வைத்தால் விரல் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் பேசும். ஸ்லைடு நேராகக் கிடந்தால் எந்தக் கட்டத்திலும் முழு கார்டு கிடைக்கும்.

புதிதாக முயல்கிறவர்களுக்கு மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, கம்பி ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் பதித்த உலோகக் குறுக்குக் கம்பிக்கு, மிக அருகில் இருந்தால் ஸ்லைடின் எடையிலேயே கம்பி தாழ்ந்து உலோகத்தில் இடித்துக் கடகடக்கும். கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் உயரம் கூட்டி, முதல் கம்பி 0.012 அல்லது 0.013 அங்குலப் பருமனுள்ள செட் போட்டால் அடங்கும். கம்பிகளை இறக்கியிருப்பதால் தடித்த செட்டின் இழுவிசை கழுத்தை வளைக்காது. இரண்டாவது, கார்டு பிடிக்கும் பழக்கத்தில் ஸ்லைடை ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைப்பது. ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அரை சென்டிமீட்டர் பின்னால் போனாலும் சுருதி தாழும். மூன்றாவது, ஸ்லைடுக்குப் பின்பக்கக் கம்பி நீளமும் அதிர்ந்து ஒரு பேய்ச் சத்தம் போடும். பின்னால் இருக்கும் விரலைக் கம்பிமேல் லேசாகப் படியவிட்டால் அது அடங்கும்.

‘லூசர்’ துணுக்கில் சுருதி ஒன்றும் பளிங்குபோல் இல்லை. ஸ்லைடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒருமுறை வாசித்தால் அது பிசகு. அதையே லூப்பாக்கி நாற்பது முறை கேட்கும்போது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே அளவு ஆடுவதால் காது அதை அலங்காரமாக எடுத்துக்கொள்கிறது. லூப் என்ற உத்தியின் முழு ரகசியமும் இதில் இருக்கிறது.

லூப் வெட்டும் கணக்கு

85 வேகத்தில் ஒரு தாளத் தட்டு 0.706 வினாடி. நான்கு தட்டுள்ள ஒரு பார் 2.82 வினாடி. இரண்டு பார் லூப் 5.65 வினாடி. பாட்டின் நீளம் 3 நிமிடம் 55 வினாடி என்பதால் இரண்டு பார் லூப் சுமார் 41 முறை சுழலும். வெட்டும் இடத்தில் 10 மில்லி வினாடி தவறினால் ஒரு சுழற்சியில் காதுக்கே தெரியாது. ஆனால் லூப்பைத் தானாகச் சுழலவிட்டால் பிசகு கூடிக்கொண்டே போகும்: 41 சுழற்சியில் 0.41 வினாடி, அதாவது அரைத் தட்டுக்கும் மேல். டிரம் லூப் ஒரு நீளம், கிடார் லூப் இன்னொரு நீளம் என்றால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இரண்டும் கைகலப்பில் இறங்கும்.

தப்பிக்கும் வழி, ஒவ்வொரு சுழற்சியின் முதல் தாளத் தட்டிலும் சீக்வென்சர், அதாவது ஒலிகளை நேரம் பார்த்து இயக்கும் கருவி, லூப்பைப் புதிதாகத் தூண்டும்படி வைப்பது. பிசகு அங்கங்கே சுழியாகும். அப்போது வேறொரு தொல்லை: லூப் கொஞ்சம் நீளமாக இருந்தால் வால் நறுக்கென்று துண்டிக்கப்படும், குட்டையாக இருந்தால் ஒரு சின்ன ஓட்டை விழும். ஸ்லைடு கிடாரில் இது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அதன் ஒலி டிரம்போல் உடனே சாவதில்லை, இழுபடும். வால் அடங்கும் இடத்தில், அலைவடிவம் சுழியைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் ‘டிக்’ சத்தம் வராது.

இன்று கணினியில் இதெல்லாம் ஒரு சொடுக்கு. அன்றைய கருவிகளின் கைகட்டைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவியான, அக்கால ஹிப் ஹாப்பின் செல்லப்பிள்ளையான ஈமு எஸ்.பி. 1200இல் மொத்த நினைவகம் பத்து வினாடி, ஒரு தனி ஒலிக்கு அதிகபட்சம் இரண்டரை வினாடி. 85 வேகத்தில் ஒரு பார்கூட, 2.82 வினாடி என்பதால், உள்ளே நுழையாது. எனவே நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவார்கள். 1.35 மடங்கு வேகத்தில் அந்த பார் 2.09 வினாடியாகச் சுருங்கி உள்ளே உட்காரும். சுருதி ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாக ஏறியிருக்கும், அதைக் கருவிக்குள் அதே அளவு இறக்கி விடுவார்கள். இறக்கும்போது மேல் அதிர்வெண்கள் போய்விடும், அந்தக் கருவியின் 12 பிட் பதிவுத் தரத்தின் கரகரப்பு மேலே வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பாட்டுகளில் டிரம் மண் பூசியதுபோல் கேட்பதற்கு இந்தக் கஞ்சத்தனமும் ஒரு காரணம்.

எட்டுத் தடமும் கஞ்சத்தனம்தான். டிரம்முக்கு ஒன்று, கிடார் லூப்புக்கு ஒன்று, பேஸ், சிதார், சரணக் குரல், பல்லவிக்கு இரண்டு அடுக்குக் குரல், துண்டு ஒலிகள் என்று போட்டாலே எட்டும் தீர்ந்தது. இன்னும் வேண்டுமென்றால் இரண்டு மூன்று தடங்களைக் கலந்து ஒன்றாக இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அதற்குள் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நாடாவின் இரைச்சலும் ஒரு படி ஏறும். இந்த மாதிரிப் பதிவைப் பிற்பாடு பெரிய ஸ்டூடியோவில் ‘சரிசெய்ய’ உட்கார்ந்தால் கை வைக்க இடமிருக்காது. ஒலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊறிப்போயிருக்கும்.

சிதாரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காது அதில் ராகம் தேடும், கிடைக்காது. கிடாரின் டி ஒலியோடு ஒட்டிக்கொண்டு தம்புராபோல் ஒரு ரீங்காரம் தருவதற்காக மட்டும் அது இருக்கிறது. அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது.

டிரம் யாருடையது

கீழே ஓடும் டிரம், ஜானி ஜென்கின்ஸின் 1970ஆம் ஆண்டு ஆல்பமான ‘டான் டான் மக்கூட்’டில் உள்ள ‘ஐ வாக் ஆன் கில்டட் ஸ்ப்ளின்டர்ஸ்’ பதிவிலிருந்து வந்தது. அந்தப் பாட்டின் மூலம் டாக்டர் ஜானுடையது, 1968. ஜென்கின்ஸ் பதிவில் கிடார் வாசித்தவர்களில் ஸ்லைடுக்குப் பேர்போன டுவேன் ஆல்மன் ஒருவர். தெற்கத்திய ஸ்லைடு கிடார்க்காரர்களின் தட்டிலிருந்து டிரம்மை மட்டும் உருவி, அதன்மேல் இன்னொரு ஸ்லைடு கிடாரை ஏற்றியிருக்கிறார் ஸ்டீஃபன்சன். பொருத்தம் தற்செயலாகத் தோன்றவில்லை. 2000இல் பிரிட்டனின் ஒயேசிஸ் குழுவினர் தங்கள் ‘கோ லெட் இட் அவுட்’டுக்கும் இதே டிரம்மைத்தான் எடுத்தார்கள்.

பாட்டின் நடுவே வரும் பேச்சுக் குரல் பெக்கின் நண்பர் ஸ்டீவ் ஹேன்ஃப்ட் எடுத்த ‘கில் த மூன்லைட்’ படத்தின் வசனம். அதையொட்டி பல்லவி தலைகீழாக ஓடுகிறது. நண்பரின் படம் என்பதால் அங்கே சட்டச் சிக்கல் குறைவு. டிரம் அப்படி இல்லை.

1991 டிசம்பர் 17 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி கெவின் டஃபி, ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதியின்றி கில்பர்ட் ஓ சல்லிவனின் பாட்டுத் துண்டை எடுத்த வழக்கில் கடுமையான தீர்ப்பு வழங்கினார். அதற்குமுன் கண்டும் காணாமல் போன துண்டெடுப்புக்கு அதோடு அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. ‘லூசர்’ பதிவானது அந்தத் தீர்ப்பின் சூடு தணியாத காலத்தில்.

அனுமதி இரண்டு வகை என்பதைச் சிறு தயாரிப்பாளர்கள் பலர் மறந்துவிடுவார்கள். பதிவுக்கு உரிமை ஒருவரிடம் இருக்கும், வழக்கமாக இசைத்தட்டு நிறுவனத்திடம். மெட்டுக்கும் வரிக்கும் உரிமை இன்னொருவரிடம், பாட்டை இயற்றியவரிடமோ அவருடைய பதிப்பகத்திடமோ. டிரம் துண்டை மட்டும் எடுத்தால் முதல் உரிமைதான் பெரிய கேள்வி, மெட்டு அதில் வராததால் இரண்டாவது வாதத்துக்குரியது. மெட்டோடு எடுத்தால் இரண்டு கதவையும் தட்ட வேண்டும். 500 தட்டு அடிப்பவரை யாரும் தேடி வருவதில்லை. ஐந்து லட்சம் விற்கும்போது கட்டாயம் வருவார்கள், பேரம் பேசும் பலமும் அப்போது அவர்கள் கையில்தான் இருக்கும். விலை ஏறுவதற்கு முன்பே, அதாவது வானொலியில் பாட்டு பிடிபடுவதற்கு முன்பே, அனுமதிக் கடிதம் வாங்கி வைப்பதுதான் மலிவு.

தட்டு தீர்ந்த இடம்

12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்றால் பள்ளங்களை அகலமாக வெட்ட இடமிருக்கும். பேஸ் ஆழமாகவும் ஒலி உரக்கவும் வரும். வானொலிக்கும் டி.ஜே.க்களுக்கும் தோதான வடிவம். 500 என்ற எண்ணுக்கும் தொழிற்சாலைக் காரணம் உண்டு. வினைல் செய்ய முதலில் மென்பூச்சுள்ள லாக்கர் தட்டில் பள்ளம் வெட்டி, அதன்மேல் நிக்கல் பூசி ‘ஃபாதர்’ எடுப்பார்கள். அதிலிருந்து ‘மதர்’, அதிலிருந்து அச்சடிக்கும் ‘ஸ்டாம்பர்’. சின்ன எண்ணிக்கை என்றால் நடுப்படிகளை விட்டுவிட்டு ஃபாதரையே ஸ்டாம்பராக வைத்து அடிப்பது மலிவான வழி. ஆனால் சுமார் ஆயிரம் அடித்ததும் அது தேய்ந்துவிடும். மறுபதிப்பு வேண்டுமென்றால் லாக்கரிலிருந்து எல்லாம் புதிதாக, மறுபடி முழுச் செலவு, மறுபடி வரிசையில் காத்திருப்பு. எதிர்பாராமல் ஒரு பாட்டு ஓடத் தொடங்கினால் சிறு நிறுவனம் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான். பாங் லோட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் தட்டு அடித்துக் கொடுக்க முடியாமல் தவித்தது.

முதலில் ஒலிபரப்பியது லயோலா மேரிமவுன்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் நிலையம் கே.எக்ஸ்.எல்.யூ. அடுத்து சான்டா மோனிகா கல்லூரியின் கே.சி.ஆர்.டபிள்யூ., அங்கே காலை நிகழ்ச்சியில் கிறிஸ் டூரிடாஸ் தூக்கிப் பிடித்தார். பிறகு சியாட்டிலில் கே.என்.டி.டி., லாஸ் ஏஞ்சலஸில் வணிக நிலையமான கே ராக். இந்த ஏறுவரிசையைக் கவனிக்க வேண்டும். மாணவர் நிலையத்துக்கு விளம்பரதாரர் கவலையில்லை, புதிதைப் போடுவதே பெருமை. வணிக நிலையம் அந்த இரண்டு படிகளும் கண்ணில் பட்ட பிறகே தொடும். ஒரு நிலையத்துக்கு ஒரு தட்டு போதும், ஒலிபரப்பு அதன் நகலிலிருந்தும் நடக்கும். ஆகவே 500 பிரதி வானொலிக்கு ஏராளம், கடைக்கு ஒன்றுமேயில்லை. பாட்டைக் கேட்டவன் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவான்.

பட்டியல் விதியும் அதே இடத்தில் உறுத்தியது. அன்றைய ஹாட் 100 விற்பனையையும் ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. கடையில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, விற்காத பாட்டுக்கு 1998 டிசம்பர் வரை அதில் இடமே கிடையாது. மாடர்ன் ராக் பட்டியலுக்கு ஒலிபரப்பு மட்டும் போதுமாக இருந்தது. முதலில் அங்கே ஏறுவதும், நாடெங்கும் சரக்கு நிரப்ப ஒரு பெரிய நிறுவனம் வந்த பிறகு ஹாட் 100இல் ஏறுவதும்தான் இந்த மாதிரிப் பாட்டின் இயல்பான பாதை.

ஒப்பந்தம்

நிறுவனங்கள் மொய்த்தன. பெக் கெஃபன் குழுமத்தின் இசைத்தட்டு நிறுவனமான டி.ஜி.சி.யோடு கையெழுத்திட்டார். தொகையைவிட ஒரு ஷரத்துக்காக இந்த ஒப்பந்தம் பேசப்படுகிறது: சந்தைக்கு ஆகாத ஆல்பங்களைச் சிறு நிறுவனங்களில் வெளியிட அவருக்கு உரிமை. அது காகிதத்தோடு நிற்கவில்லை. ஸ்டூடியோ ஆல்பமான ‘மெல்லோ கோல்ட்’ 1994 மார்ச் 1 அன்று டி.ஜி.சி.யில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் இரைச்சலும் நாட்டுப்பாட்டும் குழம்பிய ‘ஸ்டீரியோபதெடிக் சோல்மெனூர்’ ஃபிளிப்சைடு என்ற சிறு நிறுவனத்தில் வந்துவிட்டது. ஜூனில், கால்வின் ஜான்சனோடு ஒலிம்பியாவில் பதிந்த ‘ஒன் ஃபுட் இன் த கிரேவ்’ அவருடைய சிறு நிறுவனமான கே ரெக்கார்ட்ஸில். ‘மெல்லோ கோல்ட்’டின் வினைல் பதிப்பும் பாங் லோட்டிடமே இருந்தது. ஒரு ஹிட்டை மட்டும் வைத்து ஒருவரை முத்திரை குத்தும் தொழிலில் இந்த ஷரத்து நல்ல கவசம். புதிதாக ஒப்பந்தம் பேசுகிறவர்கள் முன்பணத்தை மட்டும் பார்க்காமல் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மறுப்பு வந்தாலும் நஷ்டமில்லை.

முத்திரை வந்தே தீர்ந்தது. பல்லவியை வைத்துச் சோம்பேறித் தலைமுறையின் கீதம் என்று பத்திரிகைகள் எழுதின. பெக்குக்கு அது கடுப்பேற்றியது. மணிக்கு நான்கு டாலர் வேலை பார்த்துப் பிழைத்தவனுக்குச் சோம்பேறியாக இருக்க நேரம் ஏது என்று கேட்டார். பாட்டின் உச்ச மாதமும் சங்கடமானது. 1994 ஏப்ரல் 5 அன்று நிர்வாணாவின் கர்ட் கோபேன் இறந்தார். அவரும் அதே டி.ஜி.சி.தான். என்னைக் கொன்றுவிடேன் என்று நக்கலாகப் பாடும் ஒரு பல்லவி அதே வாரங்களில் நாடு முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது. தன் ராப்பைக் கேட்டு ஒருவர் வீட்டில் அடித்த கேலி, கேட்பவர் காதில் வேறொன்றாக விழ அது போதும்.

வில்லேஜ் வாய்ஸ் இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் சிறந்த சிங்கிள் ‘லூசர்’. கிராமியில் ஆண் ராக் குரலுக்கான பரிந்துரை கிடைத்தது, மோசமான ராப் என்று தானே ஒதுக்கிய குரலுக்கு. விருதை ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் கொண்டுபோனார்.

ஸ்டீஃபன்சன் பிறகு ஃபாரஸ்ட் ஃபார் த ட்ரீஸ் என்ற பெயரில் தனியாக இசைத்தார். ‘ட்ரீம்’ என்ற அவர் பாட்டு 1997இல் ஓரளவு ஓடியது. பெக் 1996இல் டஸ்ட் பிரதர்ஸ் என்ற தயாரிப்பாளர்களோடு ‘ஓடிலே’ ஆல்பத்தைச் செய்தார். அங்கே லூப்களும் துண்டுகளும் இன்னும் நுணுக்கமாக அடுக்கப்பட்டன, இடமும் நேரமும் பணமும் இருந்தன. ‘லூசர்’ பதிவில் அவை எதுவும் இல்லை. இன்று யாராவது அதை மறுபடி கட்டிப் பார்த்தால் முதலில் டிரம்மைக் கணினியின் தாளக் கட்டத்தில் நேராக நிறுத்துவார்கள், அடுத்து ஸ்லைடின் சுருதியைச் சரிசெய்வார்கள். அந்த இரண்டு திருத்தத்துக்குப் பிறகு காதுக்குக் கிடைப்பது டி சுருதியில், 85 வேகத்தில் ஓடும் இன்னொரு சுத்தமான கிடார் லூப் மட்டுமே.